எட்டாவது ஆள்

மகனே,

நேற்று மாலை கொழும்பிலிருந்து போனில் நீ வாசித்த ஏழு பெயரும் சரி. உன்னோடு கட்டாருக்குச் சாரம் கட்டப் போகும் குழுவுக்கு அதைவிட நல்ல ஏழு பேரை ஹல்துமுல்லைப் பக்கத்தில் நானே தேடினாலும் கிடைக்காது. எட்டாவது ஆளாக உன் மாமா மகன் பிரதீபனைச் சேர்த்துக்கொள் என்றேன். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அவனை விடுங்கப்பா. குடிச்சிட்டு சாரத்துல இருந்து விழுந்தவரோட மகன். அந்த மாதிரி வீட்டு ஆள உயரத்துல ஏத்தாதன்னு சொல்லிக் குடுத்ததே நீங்கதானே" என்றாய். நான் பேசாமல் இருந்தேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்து நாலு தடவை "ஹலோ" சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அதனால்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் குரலை உயர்த்துவேன், உன் அம்மா போனைப் பிடுங்கி "சாப்பிட்டியா" என்று கேட்பாள், விஷயம் அங்கேயே செத்துப்போகும். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. டுபாயில் இருந்த காலத்தில் வாராவாரம் உன் அம்மாவுக்கு எழுதிப் பழகிய கை இது. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதியது என்று நீயே சொன்னால்தான் தெரியும். பொறுமையாகக் கடைசிவரை படி. நடுவில் கோபம் வரும். வந்தால் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படி.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். சாரம் பரிசோதிக்கிற சான்றிதழ் உனக்குக் கிடைத்தது என்று கேள்விப்பட்ட மறுநாள் நான் பண்டாரவளைக்குப் போனேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு வெலிமடைக்காரர், லீக்ஸ் பயிர் போடுகிறவர். முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். "சாரம்னா அந்தக் கம்பு கட்டுற வேலைதானுங்களே" என்றார். எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். அப்புத்தளை தாண்டும்வரை அவரை விடவில்லை. எந்தக் கட்டிடத்திலும் முதலில் ஏறுகிறவன் நாம்தான், கடைசியில் இறங்குகிறவனும் நாம்தான். மேசன், பெயின்டர், கண்ணாடி போடுகிறவன், கரண்ட் வேலைக்காரன் எல்லாரும் நிற்பது நாம் போட்ட பலகையில்தான். கட்டிடம் திறக்கிற அன்று நாம் பைப்பைப் பூட்டுகிற கிளிப் ஒன்றுகூட அங்கே கிடக்கக் கூடாது என்றெல்லாம் சொன்னேன். பாவம், அவர் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டே போனார். இறங்கும்போது, "அப்ப உங்க மகன் என்ஜினியரா?" என்று கேட்டார். "அவன் பச்சை அட்டை மாட்டுனாத்தான் என்ஜினியரே ஏற முடியும்" என்றேன். கொஞ்சம் கூடுதலான பெருமைதான். ஆனால் அதில் பொய் இல்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது அட்டையும் இல்லை, சான்றிதழும் இல்லை. பதினேழு வயதில் தோட்டத்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்பு அடிக்க டர்பன்டைன் மரக் கம்பை வெட்டித் தென்னங்கயிற்றால் கட்டினோம். எனக்கு முடிச்சு நன்றாக விழுந்தது, அவ்வளவுதான் என் தகுதி. அப்புறம் கொழும்பு. முதல் மூன்று மாதம் சாக்கில் கிளிப் சுமப்பதுதான் வேலை. சிங்கள பாஸ் ஒருவர் என்னை "வத்தே கொல்லா" என்றுதான் கூப்பிடுவார், தோட்டத்துப் பொடியன் என்று அர்த்தம். அப்படிக் கூப்பிட்டதற்கு மற்றப் பையன்கள் முறைத்தார்கள். நான் முறைக்கவில்லை. அவர் பைப்பை எப்படிப் பிடிக்கிறார், கிளிப் முறுக்குகிற சாவியை எந்தக் கையில் வைக்கிறார், ஏறுமுன் எதைத் தட்டிப் பார்க்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வருடத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதற்கடுத்த வருடம் அவருக்குப் பக்கத்தில் என்னை நிற்க வைத்தார். டுபாயிலும் அதே கதைதான். உதவியாளாகப் போனேன், போர்மனாகத் திரும்பினேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கட்டாரில் உன்னையும் யாராவது ஏதாவது சொல்லிக் கூப்பிடுவான். மூன்று மாதம் பொறுத்துக்கொள். நாலாவது மாதமும் அப்படியே கூப்பிட்டால் உன் வேலையில் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொள்.

அங்கே போனதும் நீ செய்ய வேண்டியதை நான் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை, உனக்கு என்னைவிடப் புத்தகம் தெரியும். ஆனாலும் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது, உனக்குத் தெரிந்ததுதான். காலையில் ஆட்களை எண்ணும்போது தலையை எண்ணாதே, முகத்தைப் பார். தூங்காதவன், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவன், போனில் கெட்ட செய்தி கேட்டவன் மூன்று பேருக்கும் அன்று தரையில் வேலை கொடு. கீழே நின்றுகொண்டு மேலே இருப்பவனைத் திட்டாதே. திட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஏறிப் போய்த் திட்டு. ஏறி முடிப்பதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும். அப்புறம், சாரத்தில் ஏறலாமா கூடாதா என்று சொல்கிற அட்டை. பாதத்தட்டு, குறுக்குப் பைப், பலகை, கைப்பிடி எல்லாம் சரியாக இருக்கலாம். சாரத்தைக் கட்டிடத்தோடு பிடித்து வைத்திருக்கிற பிடிகளை உன் கையால் ஆட்டிப் பார்க்காமல் பச்சை அட்டை மாட்டாதே. தனியாக நிற்கிற சாரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது சாரம் இல்லை. நான் போர்மனாக இருந்த காலத்தில் இதில் ஒரு நாளும் தவறியதில்லை. ஊருக்கு வந்த பிறகு ஒரே ஒரு தடவை தவறினேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம் உனக்கு நினைவிருக்கும். உனக்கு அப்போது பதினாலு வயது. நான் டுபாயிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆவணியில் கும்பாபிஷேகம், ஆடியில் கோபுரத்துக்கு வர்ணம் பூசும் வேலை. மூன்று நிலைக் கோபுரம். கோயில் கமிட்டி என்னைக் கூப்பிட்டுச் சாரம் கட்டும் பொறுப்பைக் கொடுத்தது. சும்மா சொல்லக் கூடாது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன். கொழும்பிலிருந்து இரும்புப் பைப் வரவழைத்தேன். இந்தப் பக்கத்துக் கோயில்களில் அதுவரை கம்பும் கயிறும்தான். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. உன் மாமா செல்லையா அப்போது தொழிற்சாலையில் வேலை, அங்கே லீவு போட்டுவிட்டு எனக்குக் கைக்கு உதவியாக வந்தார். தங்கை புருஷன் செய்கிற வேலையில் தானும் நிற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

முதல் நிலை எழும்பியதும் கோபுரத்தோடு பிடி போட வேண்டும். நான் கயிற்றை எடுத்ததுமே கமிட்டித் தலைவர் கையை நீட்டித் தடுத்தார். "தம்பி, சாமி இடுப்புலயா கயிறு போடப் போறீங்க?" என்றார். கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது. கோபுரத்தில் பிடிக்கிற மாதிரி இருப்பதெல்லாம் சாமிதான். அம்மன், பூதம், துவாரபாலகர், எதில் கட்டினாலும் ஒரு சாமியைக் கட்டியதாகும். அவர் மேல் பழியைப் போட எனக்கு விருப்பமில்லை, அவர் கேட்டது பக்தியோடு கேட்ட கேள்வி. உண்மையைச் சொன்னால் எனக்கும் கை கூசியது. டுபாயில் எத்தனையோ கோபுரத்துக்குச் சாரம் கட்டியவன், அந்த ஒரு கோபுரத்துக்கு முன்னால் சின்னப் பையனாகிப் போனேன். ஆனால் வழி இருந்தது, அது எனக்கு அப்போதே தெரியும். ஒவ்வொரு நிலையிலும் நடுவில் மரக்கதவு போட்ட சின்ன வாசல் ஒன்று உண்டு. அந்தக் கதவைத் திறந்து பைப்பை உள்ளே விட்டு, உள்பக்கம் குறுக்கே இன்னொரு பைப் வைத்து இறுக்கினால் போதும். எந்தச் சாமியையும் தொட வேண்டாம். கதவைத் திறக்க ஐயர் வந்து பூசை பண்ண வேண்டும். ஐயர் பதுளையிலிருந்து வெள்ளிக்கிழமைதான் வருவார். அன்று செவ்வாய்க்கிழமை. பெயின்டர்கள் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. மூன்று நாள் காத்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தரையிலிருந்து நாலு பக்கமும் சாய்வுப் பைப்பை முட்டுக் கொடுத்துவிட்டு, "இது போதும், டுபாயில இப்படித்தான்" என்றேன். டுபாயில் அப்படி இல்லை.

அதற்கு மேல் மழைக்குப் பயந்து சாரத்தைச் சுற்றித் தார்ப்பாய்ப் படங்கு கட்டினோம். ஈர வர்ணம் ஒழுகிவிடக் கூடாது அல்லவா. உனக்கு இப்போதே புரிந்திருக்கும், நீ சான்றிதழ் வாங்கியவன். பிடி இல்லாத சாரம், சுற்றிலும் படங்கு, ஹல்துமுல்லைச் சரிவில் ஆடிக் காற்று. வியாழக்கிழமை பதினொரு மணி இருக்கும். பெயின்டர்கள் தேநீருக்கு இறங்கிவிட்டார்கள். கீழிருந்து காற்று ஏறியது, படங்கு பொம்மென்று உப்பியது. மேலே போய்ப் படங்கின் முடிச்சை அவிழ்த்துவிட்டால் காற்று போய்விடும். நான் போயிருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற உன் மாமாவைப் பார்த்து, "மச்சான், மேல போயி அந்த மூலைய அவுத்து விடுங்க" என்றேன். அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, ஏறினார். இருந்த இரண்டு பாதுகாப்பு பெல்ட்டும் இறங்கிப்போன பெயின்டர்கள் இடுப்பில் இருந்தன. அவர் மூன்றாவது தட்டுக்குப் போய் முடிச்சில் கை வைத்தபோது இன்னொரு காற்று வந்தது. சாரம் கோபுரத்தை விட்டு வெளியே சாய்ந்தது, ஒரு முழம் இருக்கும். அப்புறம் திரும்பி வந்து பழையபடி நின்றது. சாய்ந்து திரும்பிய அந்த ஒரு நொடியில் பலகையில் மாமா இல்லை.

சாரம் விழவில்லை. அதுதான் என்னைக் காப்பாற்றியது, என்னைக் கெடுத்ததும் அதுதான். சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் பார்த்தது, நேராக நிற்கிற இரும்புச் சாரத்தையும் கீழே மண்ணில் கிடக்கிற ஒரு மனிதனையும்தான். தோட்டத்து லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. லொறி புறப்படுமுன் கூட்டத்தில் யாரோ கேட்டார்கள், "குடிச்சிருந்தாரோ?" என்று. மாமா அப்போது சனிக்கிழமைகளில் கொஞ்சம் போடுகிறவர்தான், அது ஊருக்குத் தெரியும். அன்று வியாழக்கிழமை, கோயில் வேலைக்காக விரதம் இருந்தார், அது எனக்குத் தெரியும். காலையில் கோயிலடியில் அவர் விபூதி பூசிக்கொண்டு நின்றதைப் பார்த்தவன் நான். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். "இருக்கலாம்" என்றேன்.

அந்த ஒரு சொல்தான் மகனே. வெள்ளிக்கிழமை ஐயர் வந்தார், கதவைத் திறந்து தந்தார். "கேட்டிருந்தீங்கன்னா செவ்வாக்கெழமையே வந்து திறந்து தந்திருப்பேனே" என்றார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மூன்று நிலையிலும் உள்ளே பைப் விட்டு இறுக்கினேன். கும்பாபிஷேகம் நன்றாக நடந்தது. கமிட்டி எனக்குப் பொன்னாடை போர்த்தியது, நான் போர்த்திக்கொண்டேன். மாமா அப்போது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். "இருக்கலாம்" என்பது ஒரு மாதத்தில் "குடிச்சிருந்தார்" ஆனது, ஒரு வருடத்தில் "குடிகாரர்" ஆனது. இவ்வளவோடு நின்றிருந்தால்கூட என்னைக் கோழை என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் அதற்கு மேலும் போனேன். அப்புறம் உனக்கும் இந்த ஏழு பேருக்கும் இன்னும் எத்தனையோ பையன்களுக்கும் தொழில் சொல்லிக்கொடுத்தபோது, முதல் நாள் முதல் பாடமாக, "குடிச்சிட்டு ஏறுனா செல்லையா மாதிரி நொண்டிக்கிட்டுத் திரியணும்" என்று சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை மாதிரி ஆகிப்போனது.

உன் கல்யாணத்தில் தாய்மாமன் போட வேண்டிய மாலையை என் பெரியப்பா மகன் போட்டார். "மாமா குடிச்சிட்டு வந்து நின்னா பொண்ணு வீட்டுக்காரங்க முன்னால மானம் போயிரும்பா" என்று நீ சொன்னாய். அவர் அந்த விழுந்த நாளுக்குப் பிறகு சனிக்கிழமைகூடத் தொட்டதில்லை, அதைச் சொல்ல எனக்கு எத்தனையோ தருணம் இருந்தது. நான் தலையை ஆட்டினேன். மாமா வந்தார், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பின் வரிசையில் உட்கார்ந்தார், சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டுப் போனார். அன்று நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, நீ அதைக் கல்யாண அலைச்சல் என்று நினைத்திருப்பாய். நான் வெட்கப்பட்டேன். இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்று காலை மாமாவைப் பார்க்கப் போனேன். தொழிற்சாலை வேலை போன பிறகு லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் திறந்துவிடுவதுதான் அவர் வேலை என்று உனக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வழியில் எப்படித் தொடங்குவது என்று பத்து விதமாக யோசித்துக்கொண்டு போனேன், ஒன்றும் உதவவில்லை. "மச்சான், அன்னைக்கு நான் பிடி போடல" என்றேன். அவர் வால்வைத் திருகிக்கொண்டே இருந்தார். "தெரியும் மாப்ள" என்றார்.

"எப்பிடித் தெரியும்?"

"மேல நின்னவன் நானுல்ல. ஆடுனது என் காலா சாரமான்னு எனக்குத் தெரியாதா? வெள்ளிக்கெழம நீங்க பைப்ப உள்ள விட்டு இறுக்குனத பயலுக வந்து சொன்னானுங்க. அப்பறம் என்ன இருக்கு."

"ஏன் மச்சான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

"சொல்லி? அந்த வருசம்தான் நீங்க நாலு பயலுகள கொழும்புக்கு அனுப்புறதா இருந்தீங்க. இவரு கட்டுன சாரம் ஆளத் தள்ளிருச்சுன்னு பேர் வந்தா அந்த நாலு பேரயும் எவன் எடுப்பான்? அவனுங்களும் இந்த மலையிலயே கெடந்திருப்பானுங்க. எனக்கு இடுப்பு போனது போனதுதான்." வால்வை இன்னொரு சுற்றுத் திருகினார். பிறகு சொன்னார், "கோவம் இல்லாம இல்ல மாப்ள. நீங்க பயலுகளுக்கு என்னையக் காட்டிப் பாடம் நடத்துவீங்க பாருங்க, அப்ப வரும் கோவம். மாலை போட விடலயே, அன்னைக்கு வந்துச்சு. ஆனா அதெல்லாம் எனக்கு வந்த கஷ்டம். அது என் பயலுக்கும் வரும்னு நான் நெனைக்கல."

பிரதீபன் பட்டியலில் இல்லை என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் விடுவித்துக்கொள்ளவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. "இப்ப எதுக்கு வந்தீங்க, மன்னிப்புக் கேக்கவா, பய வேலைக்கா?" என்று கேட்டார். ரெண்டுக்கும்தான் என்றேன். "மொதல்ல பய வேலையப் பாருங்க. மத்தத அப்பறம் பாப்போம்" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுத்த லயத்து வால்வைத் திறக்க நடந்தார். அந்த நடையைப் பின்னால் நின்று பார்த்தேன். இத்தனை வருடமும் அதை நேராகப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும்வரை நறுக்கினாள். "எங்க அண்ணன எத்தன தீவாளிக்கு வாசல்லயே நிக்க வச்சுப் பலகாரம் குடுத்து அனுப்பியிருக்கேன்" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பகல் சாப்பாட்டுக்கு வந்தாள், தட்டைப் போட்டாள், மறுபடி போய்விட்டாள். சாப்பாடு வருகிறது, பேச்சு வரவில்லை. எனக்கு அது வேண்டியதுதான்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். பரிதாபப்பட்டுப் பிரதீபனை எடுக்காதே. பரிதாபத்தில் ஏற்றுகிற ஆள் முதலில் விழுவான், அவனோடு நாலு பேரும் விழுவார்கள். மற்ற ஏழு பேரை எப்படிப் பார்த்தாயோ அப்படியே அவனையும் பார். கொழும்புக்குக் கூப்பிடு, தரையில் ஒரு கட்டுக் கட்டச் சொல், இரண்டு தட்டு ஏற்று, பெல்ட் ஹூக்கை மாட்டாமல் ஓர் அடி நகர்கிறானா என்று கவனி. கை நடுங்கினால் திருப்பி அனுப்பு, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் நடுங்காது. இரண்டு வருடமாகப் பூனாகலைப் பக்கம் கட்டிட வேலைக்குப் போய்வருகிறான், நான் ஒளிந்து நின்று பார்த்திருக்கிறேன். உன்னைவிட முடிச்சு நன்றாக விழுகிறது அவனுக்கு. கோபித்துக்கொள்ளாதே, என்னைவிடவும்தான்.

அட்டை மாட்டும் விஷயத்தில் இன்னொன்று சொல்கிறேன். கட்டாரில் மாரியம்மன் கோயில் இருக்காது. ஆனால் எந்த சைட்டிலும் தொடக் கூடாத சாமி ஒன்று இருக்கும். பெரிய கம்பனிக்காரன் வருகிற நாளாக இருக்கும், கண்ணாடிச் சுவரில் கீறல் விழக் கூடாது என்கிற என்ஜினியராக இருக்கும், இல்லாவிட்டால் எல்லாரும் உன்னையே பார்த்துக்கொண்டிருப்பதாக இருக்கும். சாமியோடு சண்டை போடாதே. கதவு எங்கே என்று தேடு. கதவைத் திறக்க மூன்று நாள் ஆகும் என்றால் மூன்று நாளும் சிவப்பு அட்டை தொங்கட்டும். உன்னை ஏசுவார்கள், பயந்தவன் என்பார்கள். நீ தாங்குவாய், எனக்குச் சந்தேகமே இல்லை. நான் தாங்காததைத் தாங்குகிற ஆளாகத்தான் நீ வளர்ந்திருக்கிறாய். அதில் என் பங்கு எவ்வளவு, உன் அம்மா பங்கு எவ்வளவு என்று இப்போது கேட்காதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரும் கொழும்புக்குப் புறப்படுமுன் கோயிலில் கும்பிட வருகிறார்கள். கமிட்டிக்காரர்களும் இருப்பார்கள். அந்தக் கோபுரத்துக்குக் கீழேயே நின்று, அன்று பிடி போடாதவன் நான், ஏறச் சொன்னவன் நான், செல்லையா குடிக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறேன். என் பெயர் போகும், போகட்டும். இந்தப் பையன்கள் இப்போது உன் பெயரில்தான் போகிறார்கள், என் பெயர் யாருக்கும் தேவையில்லை. ஊர் வாயிலிருந்து நீ கேட்கக் கூடாது, என்னிடமிருந்து முதலில் கேட்க வேண்டும் என்றுதான் எழுதினேன்.

என்மேல் கோபப்படு, உனக்கு உரிமை இருக்கிறது. எத்தனை நாள் பேசாமல் இருக்க வேண்டுமோ இரு. ஆனால் இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் எடுக்காதே, பிரதீபனுக்கு எடு. அவனுக்கென்று தனி போன் இல்லை. அந்த வீட்டில் ஒரே ஒரு போன்தான், அது எப்போதும் மாமாவின் சட்டைப்பையில் இருக்கும். நீ கூப்பிட்டால் அவர்தான் எடுப்பார்.

அப்பா